ஐந்தாம் நாள் மஞ்சள்

"புள்ள ரொம்பச் சமத்து டாக்டரம்மா. அழுகையே கிடையாது. ராத்திரி பூரா ஒரே தூக்கந்தான்."

ஆறு நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாச்சி சொன்னார். அவர்கள் வந்தது தொப்புள்கொடி இன்னும் விழவில்லையே என்று கேட்க. அது விழ ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும், பயமில்லை. நான் குழந்தையைச் சன்னல் ஓரம் எடுத்துப்போய் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடம் எலுமிச்சம்பழ நிறத்தில் தெரிந்தது. நெஞ்சு, வயிறு, தொடை என்று பார்த்துக்கொண்டே போனால் உள்ளங்காலும் அதே நிறம். பிறந்தபோது 2.9 கிலோ. எங்கள் தராசில் 2.5. நூறு மில்லி இரத்தத்தில், மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபின் 24 மில்லிகிராம். பெரியவர்களுக்கு இது 1-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

முதல் குழந்தை எதிர்பார்ப்பவர்கள் பிரசவ நாளுக்கு எல்லா ஏற்பாடும் செய்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரி, யார் கூட இருப்பது, பையில் என்னென்ன வைப்பது என்று பட்டியலே இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகான முதல் வாரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சுகப்பிரசவமென்றால் இரண்டு, மூன்று நாளில் அனுப்பிவிடுகிறார்கள். பச்சிளம் குழந்தையின் மஞ்சளோ மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் உச்சத்துக்கு வரும். குறைமாதக் குழந்தைக்கு இன்னும் சில நாள் தள்ளும். ஆரத்தி எடுத்து வீட்டுக்குள் அழைத்த பிறகுதான் அது ஏறுகிறது. அப்போது பக்கத்தில் நர்ஸும் இல்லை, டாக்டரும் இல்லை.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. பெரியவர்களுக்கு வருவதையும் மஞ்சள் காமாலை என்கிறோம், இதையும் அப்படியே சொல்கிறோம். உடனே தாய்க்குப் பத்தியம் இறுகிவிடும், கீழாநெல்லி அரைபடும். பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு வந்தவர்களும் உண்டு. கருவில் இருக்கும்போது குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம். பிறந்ததும் அவை வேகமாக உடைகின்றன. உடைந்ததிலிருந்து வரும் மஞ்சள் நிறப் பொருள்தான் பிலிருபின். அதை மாற்றி வெளியேற்றும் அளவுக்குக் கல்லீரல் இன்னும் பழகியிருக்காது. நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு ஓரளவு மஞ்சள் தெரியும். பெரும்பாலும் தானாக அடங்கும். தாய் சாப்பிட்ட மாம்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அளவு மீறி ஏறினால் அது மூளையில் படியும். காது கேளாமை, கைகால் இறுக்கம் என்று வாழ்நாள் முழுக்கத் தொடரும் குறைபாடு அப்படித்தான் வருகிறது.

சரி, அந்த வீட்டில் நாலு பெரியவர்கள் இருந்தும் ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை? கேட்டபோதுதான் தெரிந்தது. பிள்ளை பெற்ற அறைக்கு வெளிச்சமும் காற்றும் ஆகாதென்று சன்னல் சாத்தியிருந்தது. இருந்தது ஒரு மஞ்சள் குண்டு பல்பு. குளிப்பாட்டியது பயத்தமாவும் மஞ்சளும் குழைத்து. மஞ்சள் பூசிய உடம்பில் மஞ்சளை எப்படித் தேடுவது? அம்மாச்சி மேல் எனக்குக் கோபமில்லை. மகளுக்கு ஒரு வாரமாக வேளாவேளைக்குப் பத்தியச் சோறு வடித்துப் போட்டு, தான் தூங்காமல் கிடந்தவர் அவர்.

அதனால் என்னிடம் வரும் கர்ப்பிணிகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: முதல் பத்து நாள் பிள்ளைக்கு மஞ்சள் பூச வேண்டாம். தினம் காலையில் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் நெற்றி, நெஞ்சு, வயிறு, கால் என்று அழுத்திப் பாருங்கள். நம் நிறத்துக்கு ஈறையும் வெள்ளை விழியையும் பார்ப்பது இன்னும் நல்லது. கண்ணால் பார்த்து அளவு சொல்ல என்னாலும் முடியாது. மஞ்சள் வயிற்றைத் தாண்டி இறங்கியிருந்தால் அன்றைக்கே காட்டி அளந்துவிட வேண்டும்.

இன்னொன்று, பலரும் கேட்டதும் சிரிப்பது. குழந்தைக்கு முதலில் சுற்ற நாம் எடுப்பது பழைய நூல் சேலையும் வேட்டியும். அதைவிட மெத்தென்ற துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் அந்தச் சேலை பீரோவிலோ டிரங்குப் பெட்டியிலோ அந்துருண்டை போட்டு வைத்திருந்ததாக இருக்கும். பாச்சை உருண்டை என்பதும் அதுதான். அதில் உள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்குச் சிவப்பணுக்களை மளமளவென்று உடைத்துவிடும். யாருக்கு அந்தக் குறை இருக்கிறதென்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எட்டாம் மாதமே துணிகளை வெளியே எடுத்துத் துவைத்து, வெயிலில் காயவைத்து, உருண்டை இல்லாத இடத்தில் மடித்து வையுங்கள்.

பிலிருபின் பெரும்பாலும் மலத்தோடுதான் வெளியேறுகிறது. மலம் போக வேண்டுமென்றால் பால் உள்ளே போக வேண்டும். முதல் இரண்டு நாள் சீம்பால் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவுதான் வரும். குழந்தைக்கு அது போதும். "பால் ஊறல, பத்தல" என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ சேனை வைத்தால், தொண்டை நனைந்த பிள்ளை மார்பைத் தேடாது. சப்பாத மார்பில் பாலும் ஊறாது. ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் கொடுக்க வேண்டும். தூங்கினால் உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பிக் கொடுக்க வேண்டும். போதுகிறதா என்பதை அழுகையை வைத்துச் சொல்லாதீர்கள், துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் ஆறு முறையாவது மூத்திரம் போக வேண்டும். கறுப்பாகப் போன மலம் பச்சையாகி, நாலைந்து நாளில் மஞ்சளாக வேண்டும். முதல் சில நாளில் எடை குறைவது இயல்பு. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் இயல்பில்லை. அந்தக் குழந்தை முந்தின நாள் முழுக்க நனைத்தது இரண்டே துணி.

"காலை வெயிலில் காட்டினோமே" என்றார் குழந்தையின் அப்பா. இதில் ஒரு சுவையான சங்கதி உண்டு. 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் வெளுத்திருப்பதை முதலில் கவனித்தவர் ஒரு நர்ஸ். அதிலிருந்து வந்ததுதான் நாங்கள் போடும் நீல விளக்கு. ஆக, வெயில் நம்பிக்கை பொய்யல்ல. ஆனால் பத்து நிமிட வெயிலில் 24 இறங்காது. வெற்றுடம்பாகக் காட்டும் பிள்ளை குளிர்ந்தும் போகும், வெந்தும் போகும். எல்லாவற்றையும்விட, காட்டிவிட்டோம் என்ற திருப்தியில் இரண்டு நாள் கடந்துவிடுகிறது.

அந்த வீட்டில் தாயின் இரத்த குரூப் ஓ பாசிட்டிவ், பிள்ளைக்குப் பி பாசிட்டிவ். தாய் ஓ குரூப்பாகவோ நெகட்டிவாகவோ இருந்தால் பிள்ளையின் இரத்தத்தோடு ஒவ்வாமல் சிவப்பணுக்கள் கூடுதலாக உடையலாம். வீட்டுக்குக் கிளம்பும் முன் பிள்ளையின் குரூப், அன்றைய எடை, மஞ்சள் அளவு மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி காட்ட வரலாமா என்றும் கேளுங்கள்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்காலுக்கு வந்தாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ, கீச்சென்ற குரலில் அழுதாலோ, உடம்பை வில்லாக வளைத்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரிகளில் பச்சிளம் குழந்தைகளுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது, இலவசம்.

அந்தக் குழந்தைக்கு இரத்தம் மாற்றும் அளவுக்குப் போகவில்லை. இரண்டு நாள் விளக்கு, பீய்ச்சி எடுத்த பால். மூன்றாம் நாள் வார்டே அதிர அழுதது. அம்மாச்சிக்கு அன்றுதான் முகம் தெளிந்தது. காது பரிசோதனையும் நன்றாகவே வந்தது.

இரண்டு வாரத்துக்கு மேலும் மஞ்சள் நீடித்தால் அது வேறு கணக்கு. பால் நன்றாகக் குடித்து எடை ஏறும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றுமிருக்காது. ஆனால் மலம் சுண்ணாம்பு போல வெளுத்தும் மூத்திரம் துணியில் மஞ்சள் கறை பிடித்தும் போனால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சையை இரண்டு மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம். சந்தேகமாக இருந்தால் மலத் துணியைப் பகல் வெளிச்சத்தில் போனில் படமெடுத்துக்கொண்டு வாருங்கள். கூச்சம் வேண்டாம், எங்கள் போனில் அந்தப் படங்கள்தான் பாதி.