மான் குறைந்தால் செந்நாய் மேல் பழி போடாதீர்கள்

“டாக்டர், இந்தச் செந்நாய்க் கூட்டத்தைப் பிடித்து வேறு காட்டில் விடக் கூடாதா? விட்டால் ஒரு மான்கூட மிஞ்சாது போலிருக்கிறதே!” வனவிலங்கு மருத்துவராக முதுமலை, மசினகுடிப் பக்கம் போகும்போதெல்லாம் யாராவது இப்படிக் கேட்கிறார்கள்.

அவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. புலியும் சிறுத்தையும் பெரும்பாலும் இருட்டில் வேட்டையாடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. செந்நாயோ காலை வெயிலில், ரோட்டோரத்திலேயே புள்ளிமானை மடக்கிவிடும். மானின் உயிர் போகும் முன்பே தின்னவும் தொடங்கிவிடும். செந்நாய் ஏறக்குறைய 15 கிலோ எடைதான் இருக்கும். அதனால் புலியோ சிறுத்தையோ வந்து இரையைப் பறிப்பதற்குள் கூட்டமே வயிற்றை நிரப்பியாக வேண்டும்.

இந்தக் கெட்ட பெயர் பழையது. ஆங்கிலேயர் காலத்தில் செந்நாயைக் கொன்றவர்களுக்கு அரசு வெகுமதியே கொடுத்தது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அதற்குப் பாதுகாப்பு கிடைத்தது. 2015இல் ஐயூசிஎன் எனும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் செய்த மதிப்பீட்டின்படி, உலகம் முழுவதிலும் இனப்பெருக்க வயதில் உள்ள செந்நாய்கள் 949 முதல் 2,215 வரைதான்.

சரி, மானை அது ஒழித்துவிடுமா? நாங்குநேரிக்காரரான வனவிலங்கு ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங் 1970களில் கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே அவற்றின் முக்கிய இரை புள்ளிமான்தான். இன்றும் பந்திப்பூரில் செந்நாயும் இருக்கிறது, மான் கூட்டமும் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு பெண் நாய்தான் குட்டி போடும், அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை. இரை குறைந்தால் குட்டிகள் பிழைப்பதும் குறையும். மான் நிஜமாகவே குறைந்த இடத்தில் தரையைப் பாருங்கள் என்பேன். முதுமலையில் எத்தனையோ இடங்களை உண்ணிச்செடி (லாண்டானா) புதர் மூடிவிட்டது. புல் முளைக்க இடமில்லாத காட்டில் மான் எதைத் தின்னும்?

மான் குறைய அடுத்த காரணம் நாம் வளர்க்கும் நாயும், ரிசார்ட் குப்பையை நம்பி வாழும் தெருநாயும். காட்டோரத்தில் செத்துக் கிடக்கும் மானை “செந்நாய் அடித்தது” என்று சொல்லிவிடுகிறார்கள். செந்நாய்க் கூட்டம் அடித்திருந்தால் கொஞ்ச நேரத்திலேயே தலை, எலும்பு, தோல் தவிர அதிகம் மிஞ்சாது. தொடையிலும் கழுத்திலும் கண்டபடி கடித்த காயம் இருந்து, கறி அப்படியே கிடந்தால் எனக்கு முதலில் ஊர் நாய் மேல்தான் சந்தேகம் வரும். காயமே இல்லாமல் தப்பிய மானும் ஓடிய ஓட்டத்தில் தசைகள் சிதைந்து, ஓரிரு நாளில் சாகலாம். அதன் சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போகும்.

நாய்கள் நோயையும் கொண்டுவருகின்றன. அமெரிக்காவின் ஐல் ராயல் தீவில் 1980இல் சுமார் 50 ஓநாய்கள் இருந்தன. வளர்ப்பு நாயோடு வந்ததாகக் கருதப்படும், நாயினங்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் பரவி, 1982இல் 14தான் மிஞ்சின. ஓநாய் குறைந்ததும் மூஸ் எனும் பெரிய மான்கள் பெருகி 1995இல் சுமார் 2,400 ஆயின. தீவில் இருந்த தழை அத்தனைக்கும் போதவில்லை. 1996இன் கடும் குளிரோடு பட்டினியும் சேர, இரண்டே ஆண்டில் சுமார் 500க்கு இறங்கிவிட்டன. வேட்டையாடும் விலங்கு குறைந்தால் மான் செழிக்கும் என்று நம்புகிறவர்களுக்கு நான் இந்தத் தீவைத்தான் சொல்வேன்.

நம் செந்நாய்களுக்கும் பார்வோ, டிஸ்டம்பர் எனும் இன்னொரு வைரஸ் நோய், வெறிநோய் மூன்றும் ஆபத்து. காட்டோர ஊர்களில் இருப்பவர்கள் தயவுசெய்து நாய்க்குத் தடுப்பூசி போடுங்கள், கருத்தடை செய்யுங்கள், இரவில் கட்டிவையுங்கள். செந்நாய் இரையைத் தின்னும்போது வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்து விரட்டாதீர்கள். அந்த மான் எப்படியும் பிழைக்காது. பசியோடு போகும் கூட்டம் இன்னொன்றைத் தேடும். இறந்த மானைப் பார்த்தால் தொடாமல் தள்ளி நின்று போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். உடல் அழுகும் முன் வந்து பார்த்தால்தான் எது கொன்றது என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியும்.