தாய் கிளாஸ் கேட்பதைப் பிள்ளை கிளாஸ் ஏன் சுமக்கிறது?

ஒரு கிளாஸ் தனக்கு வேண்டிய லாகரையோ (நடப்பதைக் குறித்துவைக்கும் கருவி) டேட்டாபேஸ் இணைப்பையோ தானே உருவாக்காமல், ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டர் வழியாக வெளியிலிருந்து வாங்கிக்கொள்வதுதான் கன்ஸ்ட்ரக்டர் இன்ஜெக்‌ஷன். தனியாக நிற்கும் கிளாஸில் இது சுலபம். ஒரு ‘பிள்ளை’ கிளாஸ் இன்னொரு ‘தாய்’ கிளாஸின் மேல் கட்டப்படும் இன்ஹெரிட்டன்ஸ் வந்ததும் சிக்கல் தொடங்குகிறது.

ஜாவாவில் தாயின் கன்ஸ்ட்ரக்டர் பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது. ‘அறிக்கை’ என்ற தாய் கிளாஸ் லாகரையும் டேட்டாபேஸையும் கேட்டால், ‘விற்பனை அறிக்கை’, ‘சம்பள அறிக்கை’ இரண்டும் அவற்றை வாங்கி, தாயின் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடும் சூப்பர் அழைப்பில் மேலே அனுப்ப வேண்டும். நாளை தாய்க்கு ஒரு கடிகாரமும் தேவைப்பட்டால், எல்லாப் பிள்ளைகளையும் திருத்த வேண்டும். அப்புறம் அவற்றின் டெஸ்ட்களையும்.

இதைவிட மோசமான ஆபத்து ஒன்று உண்டு. வழக்கமாகத் தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடி முடிந்த பிறகுதான் பிள்ளையின் ஃபீல்டுகள் (அது மதிப்புகளை வைத்திருக்கும் இடங்கள்) நிரம்பும். தாய் தன் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே ‘தயார்செய்’ என்ற மெத்தடை அழைக்கிறது, பிள்ளை அதை ஓவர்ரைடு செய்து தன் போக்கில் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். அந்த மெத்தட் ஓடும் நேரத்தில், பிள்ளைக்கு நாம் கன்ஸ்ட்ரக்டரில் கொடுத்த ஒரு பொருள், வரியைக் கணக்கிடும் ‘வரிக்கணிப்பான்’ என்று வையுங்கள், இன்னும் null-ஆகவே, அதாவது காலியாகவே இருக்கும். சரியாகத்தானே அனுப்பினோம் என்று மண்டையைக் குடைய வைக்கும் பிழை இது. 2025-ல் வந்த ஜாவா 25, சூப்பர் அழைப்புக்கு முன்பே ஃபீல்டை நிரப்ப விடுகிறது. இருந்தாலும், கன்ஸ்ட்ரக்டரில் அப்படிப்பட்ட மெத்தடை அழைக்காமல் இருப்பதே நல்லது.

தாய்க்கு வேண்டியதையெல்லாம் ஒரே ஆப்ஜெக்டாகக் கட்டிக் கொடுக்கலாம். கடிகாரம் சேர்ந்தாலும் பிள்ளைகள் மாறாது. ஆனால் எதற்கு எது தேவை என்பது மூட்டைக்குள் மறைந்துவிடும். ஆப்ஜெக்ட் உருவான பிறகு மதிப்பை நிரப்பும் செட்டர் வழியாகக் கொடுத்தால், பாதி கட்டிய ஆப்ஜெக்ட் உலவ வாய்ப்புண்டு.

என்னைக் கேட்டால், இங்கே இன்ஹெரிட்டன்ஸே வேண்டாம். லாகர், டேட்டாபேஸ், கடிகாரம் மூன்றும் ‘அறிக்கை இயக்கி’ என்ற ஒரே கிளாஸில் இருக்கட்டும். விற்பனையும் சம்பளமும் ‘கணக்கிடு’ என்ற மெத்தட் மட்டுமுள்ள ஒரு இன்டர்ஃபேஸை நிறைவேற்றட்டும். இயக்கி தரவை எடுத்துக் கொடுக்கும், அவை கணக்கிட்டுத் திருப்பித் தரும். வரிக்கணிப்பான் வேண்டிய கிளாஸ் அதை மட்டும் கன்ஸ்ட்ரக்டரில் கேட்கும். ஆப்ஜெக்டுகளை உருவாக்கி இணைத்துத் தரும் ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங்கில் இயக்கியின் கன்ஸ்ட்ரக்டர் அந்த இன்டர்ஃபேஸின் லிஸ்ட்டைக் கேட்டாலே போதும், பீன்களாக (ஸ்பிரிங் நிர்வகிக்கும் ஆப்ஜெக்டுகளாக) பதிவான அத்தனை கணக்கு முறைகளும் அதில் வந்து சேரும். புதிய அறிக்கை வகைக்கு ஒரு கிளாஸை எழுதிப் பதிவுசெய்தால் வேலை முடிந்தது.