வட்டம் விழாத தட்டு

நடவு சீசனில் எங்கள் லேபுக்குச் சிறுநீர் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, கூடுதலாக வரும். வயலில் ஒதுங்க இடமில்லை என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், வந்தாலும் அடக்குகிறார்கள். அப்புறம் நீர்க்கடுப்பு.

மன்னார்குடிப் பக்கமிருந்து மகனோடு வந்த ஓர் அம்மாவிடம், மாத்திரை ஏதும் போட்டீர்களா என்று கேட்டேன். சுருக்குப் பையிலிருந்து கத்தரித்த அட்டைத் துண்டை எடுத்தார். இரண்டு மாத்திரை, ஆன்டிபயாடிக் அட்டையில் எச்சரிக்கையாகப் போடும் சிவப்புக் கோட்டில் பாதி. மருந்தின் பெயர் கடையிலேயே தங்கிவிட்டது. "நாலு வேளை போட்டேன், கடுப்பு நின்னுச்சு, விட்டுட்டேன். திரும்ப வந்துச்சு, திரும்ப வாங்கினேன்."

சோதனையில் வளர்ந்த கிருமி இ.கோலை என்கிற பாக்டீரியா. அதைத் தட்டில் பரப்பி, மருந்துக்கு ஒன்றாக, மருந்து ஏற்றிய காகித வில்லைகள் வைப்போம். மருந்து பலித்தால் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழும். சிப்ரோ என்கிற ஆன்டிபயாடிக்குக்கு விழவில்லை. செஃப்ட்ரையாக்சோன் என்கிற ஊசி மருந்துக்கும் இல்லை, வில்லையின் விளிம்பு வரை கிருமி மண்டியிருந்தது.

"புதுசா ஏதாவது வந்திருக்குமே டாக்டர்?" என்றார் மகன்.

வந்திருக்கிறது, நம் சென்னையிலிருந்தே. ஆர்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம், செஃபிபைம் என்கிற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. செஃபிபைமை வெட்டிப்போடும் கிருமியின் நொதியை இது கட்டிப்போடும். ஆனால் என்டிஎம் என்கிற நொதியிடம் இதன் பாச்சா பலிக்காது. இது ஊசி மருந்து. சாதாரண நீர்க்கடுப்புக்கு எடுத்து வீசுவதற்கல்ல.

புது மருந்தின் சிக்கலே அதுதான். கண்டபடி கொடுத்தால் கிருமி அதற்கும் பழகிவிடும், பத்திரமாகப் பூட்டி வைத்தால்தான் நாள்பட வேலை செய்யும். பூட்டி வைத்தால் விற்காது. அமெரிக்காவில் அக்கேயோஜென் நிறுவனம் பிளாசோமைசின் என்கிற புது ஆன்டிபயாடிக்குக்கு 2018இல் அனுமதி வாங்கியது, 2019 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. இதைப் பார்த்த பிறகு எந்த முதலாளி இதில் காசு போடுவார்?

சரி, அந்த அம்மாவுக்கு என்ன ஆனது? தட்டின் ஓரத்தில் ஒரு வில்லைக்கு மட்டும் அகலமாக வட்டம் விழுந்திருந்தது. நைட்ரோஃபுராண்டாயின், 1953இல் வந்த மாத்திரை. காய்ச்சலோ விலாவலியோ இல்லை, சிறுநீரகமும் நன்றாக இருந்தது. அதனால் அவருடைய மருத்துவர் அதையே ஐந்து நாளுக்கு எழுதினார். முழு அட்டையாக வாங்கச் சொன்னேன். "மிச்சமிருந்தா பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமா?" என்றார்.

மிச்சமே இருக்காதும்மா என்றேன்.