மக் கேக்: தமிழில் என்ன சொல்லலாம்?

காபி குடிக்கும் பீங்கான் மக்கிலேயே மைதா, கோகோ, சர்க்கரை, பால், எண்ணெய், ஒரு சிட்டிகை பேக்கிங் பவுடர் எல்லாவற்றையும் கலக்கி, மைக்ரோவேவில் ஒன்றரை நிமிடம் வைத்து, அதிலேயே ஸ்பூன் போட்டுச் சாப்பிடும் ஒரு ஆளுக்கான கேக்தான் மக் கேக். கப் கேக் வேறு. அது காகிதக் கிண்ணங்களில் ஊற்றி ஓவனில் சுடுவது.

எழுதும்போது கொஞ்சம் கவனம் தேவை. ஓர் உகரம் சேர்ந்து ‘மக்கு கேக்’ ஆகிவிட்டால் கதை கந்தல்; குப்பைத்தொட்டியில் ‘மக்கும் குப்பை’ என்று தினமும் படிக்கிற ஊர் இது. போதாக்குறைக்கு, சென்னை வீடுகளில் மக் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பாத்ரூம் பக்கெட்டில் மிதக்கும் பிளாஸ்டிக் மக்தான்.

‘மக்’ 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. ஸ்வீடன், நார்வே மொழிகளிலும் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. ‘கேக்’ பழைய நார்ஸ் மொழியின் ‘காக்கா’விலிருந்து வந்தது. (சிரிக்க வேண்டாம்.) சாக்லேட் என்ற சொல் மெக்சிகோவின் நவாட்டில் மொழியிலிருந்து ஸ்பானிஷ் வழியாக வந்தது. நம்மூர்ப் பெட்டிக்கடைக்கு வந்ததும் ஆரஞ்சு மிட்டாய்க்குக்கூட அதுவே பெயராகிவிட்டது.

சரி, தமிழில்? மக்குக்குக் கோப்பை என்று சொல்லலாம். ஆனால் அதுவே போர்ச்சுக்கீசியரின் ‘கோப்பு’ (copo, குடிக்கும் டம்ளர்) தந்த சொல். குவளை நம்முடையது, சங்கப் பாடல்களில் நீர்ப்பூ, இன்று தண்ணீர் குடிக்கும் பாத்திரம். கேக்குக்கு அணிச்சல் என்று தனித்தமிழ் ஆர்வலர்கள் எழுதுகிறார்கள். சேர்த்தால் குவளை அணிச்சல். எழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது. பேச்சில் என் ஓட்டு ‘குவளை கேக்’குக்கு.

வினைச்சொல்லில்தான் எனக்கு வழக்கு. நம் அடுப்பங்கரையில் தோசை சுடுவோம், இட்லி அவிப்போம். மைக்ரோவேவ், அதாவது நுண்ணலை அடுப்பு, பெரும்பாலும் மாவில் உள்ள நீரைத்தான் சூடாக்குகிறது. நீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் பெரிதாகப் போகாது. மேல்தோல் சிவந்து மொறுமொறுப்பாக அதைவிட நல்ல சூடு வேண்டும். அதனால் மக் கேக் சுடப்படுவதே இல்லை, தன் ஆவியிலேயே அவிகிறது. ஓவன் கேக்கைவிட இட்லிக்குத்தான் அது நெருங்கிய சொந்தம். ‘மக் கேக் சுடுவது எப்படி’ என்ற தலைப்புகளைத் திருத்தத் தோன்றுவது இதனால்தான்.

அவிப்பது என்று புரிந்தால் பக்குவமும் பிடிபடும். ஓரம் வெந்து, நடுவில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரமாகப் பளபளக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். மீதி, வெளியே ஆறும்போது தானாக வேகும். இன்னும் அரை நிமிடம் விட்டால் நீர் வற்றி ரப்பராகிவிடும். அப்புறம், குவளை என்று சொன்னதற்காக எவர்சில்வர் டம்ளரை உள்ளே வைத்துவிடாதீர்கள், பொறி பறக்கும்.