இன்பரன்ஸ்: அனுமானமா, உய்த்தறிதலா?

பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு, செயற்கை நுண்ணறிவு என்று தொடங்கியதும் எதிர்ப்படும் சொற்களில் ஒன்று இன்பரன்ஸ் (inference). விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். பரீட்சைக்கு முதல் நாள் கூட்டாளிக்கு விளங்கப்படுத்துவது தமிழில்தான். அப்போது வாயில் வருவது ‘அனுமானம்’.

பொருள் இதுதான்: கையிலுள்ள தகவல்களையும் விதிகளையும் கொண்டு, அவற்றில் நேரே எழுதப்படாத இன்னொரு தகவலைப் பெறுதல். இரண்டு விதிகளைக் கணினிக்குக் கொடுத்திருக்கிறோம் என்று வையுங்கள். இரணைமடுவின் வான்கதவு திறந்தால் கனகராயன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர் கூடும். அங்கே நீர் கூடினால் கண்டாவளைத் தாழ்நிலங்களுக்கு எச்சரிக்கை விட வேண்டும். இனி ‘வான்கதவு திறந்தது’ என்று மட்டும் சொன்னால் போதும், இரண்டு படி தாண்டி எச்சரிக்கை வந்துவிடும். கேள்வியில் தொடங்கிப் பின்னோக்கியும் போகலாம்: எச்சரிக்கை தேவையா, அதற்கு நீர் கூட வேண்டுமே, கூடியதா, கதவு திறந்ததா? 1972இல் பிரான்சின் மார்செய் நகரில் பிறந்த புரோலொக் என்ற நிரல் மொழி இப்படித்தான் வேலை செய்கிறது.

மறுபக்கம் பாருங்கள். கண்டாவளையில் வெள்ளம் என்று கேள்விப்பட்டதும் ‘வான்கதவு திறந்திட்டாங்கள் போல’ என்று சந்தியில் நிற்பவர் சொல்லிவிடுவார். சரியாகவும் இருக்கலாம். ஆனால் கதவு மூடியிருக்க, மழை மட்டுமே கொட்டித் தீர்த்திருக்கவும் கூடும். மேலே கொடுத்த விதிகளை வைத்துக் கணினி அந்த முடிவுக்கு வராது. நாங்கள் பேச்சில் அனுமானம் என்பது பெரும்பாலும் சந்திக்காரர் சொன்ன வகையைத்தான்: ஒரு குத்துமதிப்பு.

சொல்லின் மேல் பழியில்லை. வடமொழியில் ‘அனு’ என்றால் பின், ‘மானம்’ என்றால் அளத்தல். தமிழில் கருதல் அளவை என்பதும் இதுவே. மணிமேகலையின் 29ஆம் காதையில், புகையை வைத்து மலையில் நெருப்பு உண்டென்று நிறுவும் வாதம் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்பாகப் பிரிக்கப்படுகிறது. திட்டாந்தமாக, அதாவது எடுத்துக்காட்டாக, வருவது அடுக்களை. அவ்வளவு கறாரான சொல் பேச்சுவழக்கில் தளர்ந்துவிட்டது.

உய்த்தறிதல் தளரவில்லை. உய்த்தல் என்றால் செலுத்துதல்; அறிந்ததிலிருந்து அறியாததற்கு மனத்தைச் செலுத்தி அறிவது. தொல்காப்பியம் சொல்லும் உத்திகளில் ‘உய்த்துக்கொண்டு உணர்தல்’ ஒன்று, நன்னூலில் ‘உய்த்துணர வைப்பு’. எங்கள் உயர்தரக் கலைப்பிரிவில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் எடுத்தவர்களுக்கு உய்த்தறி அனுமானம், தொகுத்தறி அனுமானம் (பல உதாரணங்களைத் தொகுத்துப் பொதுமுடிவு எடுப்பது), எடுகூற்று (முடிவுக்கு ஆதாரமாக எடுக்கும் கூற்று), வலிது (முடிவு எடுகூற்றிலிருந்து தவறாமல் வருவது), வலிதற்றது எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. கணிதப் பிரிவால் வந்து கணினி படிக்கும் தம்பிக்குத்தான் இவை புதிது. அவர் புதுச்சொல் படைக்க மெனக்கெட வேண்டியதில்லை, அக்காவின் பழைய கொப்பியைப் புரட்டினால் சரி.

அந்தக் கொப்பியின் கணக்குப்படி அனுமானம் பொதுச்சொல், உய்த்தறிதல் அதில் ஒரு வகை. எடுகூற்று உண்மையானால் முடிவும் உண்மையாகியே தீரும் வகை அது. கணினியைக் கொண்டு தர்க்கம் செய்விக்கும் தானியங்கி நியாயித்தல் என்ற பாடம் பெரும்பாலும் இந்த வகையிலேயே நிற்பதால், அங்கே உய்த்தறிதல் என்றே எழுதலாம் என்பது என் கட்சி. விதிகளிலிருந்து முடிவெடுக்கும் நிரற்பகுதியான இன்பரன்ஸ் எஞ்சின், உய்த்தறி பொறி ஆகட்டும். 1956இல் நியூவெல், சைமன், ஷோ மூவரும் எழுதிய நிரல், ‘பிரின்சிபியா மத்தமெற்றிக்கா’ என்ற கணித அளவையியல் நூலின் 2ஆம் அத்தியாயத்தின் முதல் 52 தேற்றங்களில் 38ஐ நிறுவியது உய்த்தறிந்துதான். 1930களிலிருந்து தீராமல் கிடந்த ரொபின்ஸ் புதிர் என்ற கணிதப் பிரச்சினையை 1996இல் மக்கூனின் நிரல் தீர்த்ததும் அப்படியே.

இப்போது இன்னொரு குழப்பம். பெரிய மொழி மாதிரிகளைப் (ஏராளமான எழுத்தில் பயிற்றப்பட்டு, விடை எழுதித் தரும் நிரல்களைப்) பற்றிப் பேசுவோர், பயிற்றிய மாதிரியை ஓட்டி விடை எடுப்பதையும் இன்பரன்ஸ் என்கிறார்கள். அங்கே எடுகூற்றும் இல்லை, வலிதான முடிவு என்ற உறுதியும் இல்லை. அதற்குக் ‘கணிப்பு’ போதும்.