பழைய பென்னியைக் கழுவாதீர்கள்

மீண்டும் ஒரு டப்பா நாணயங்கள் கழுவப்பட்டு என் மேசைக்கு வந்திருக்கின்றன. விக்டோரியா காலத்து வெண்கலப் பென்னிகள்; பெரும்பாலும் 1860-களிலும் 1870-களிலும் அடிக்கப்பட்டவை. இங்கே இங்கிலாந்தில் ஒரு முதியவரின் வீட்டைக் காலி செய்தபோது மொத்தமாக விற்றார்களாம். வாங்கியவர் நம் ஊர் இளைஞர். நாணயம் சேர்ப்பதில் புதிதாக இறங்கியவர். ஆர்வம் இருக்கிறது, தேடிப் படிக்கிற பழக்கம் இருக்கிறது. ஆனால் என்னிடம் காட்டுவதற்கு முந்தின இரவு, அழுக்காக இருக்கிறதே என்று அத்தனையையும் புளிக்கரைசலில் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டார். அவற்றில் ஒன்று 1869-ஆம் ஆண்டுப் பென்னி. அந்த வரிசையைச் சேர்ப்பவர்கள் பல காலம் தேடுகிற ஆண்டு அது. எழுத்துகள் கூர்மையாக இருந்தன, பின்பக்கத்தில் பிரிட்டனின் உருவகமாக அமர்ந்திருக்கும் பெண்ணான பிரிட்டானியாவின் கேடயக் கோடுகள்கூடத் தெரிந்தன. ஆனால் காசு முழுவதும் வெளிறிய இளஞ்சிவப்பு நிறம். பாதி விலைகூடச் சொல்ல முடியவில்லை.

நாணய மதிப்பீடு என் தொழில். கொண்டுவருபவர் தமிழர் என்றால் புளி, எலுமிச்சை, விபூதி. ஆங்கிலேயர் என்றால் தக்காளி சாஸ், கோலா, பித்தளைப் பாலிஷ். பொருள்தான் மாறுகிறது, நோக்கம் மாறுவதில்லை. "பளபளப்பாக இருந்தால் நல்ல விலை கிடைக்கும் என்று நினைத்தோம்" என்கிறார்கள். இந்த ஒரு நம்பிக்கையை எப்படியாவது உடைத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைத் துலக்குகிறோம். விளக்கு துலக்கத் துலக்க அழகு, ஏனென்றால் அது தினம் புழங்குகிற பொருள். மேல்தோல் போனால் அடுத்த தோல் வரும். காசின் மதிப்பு முழுவதும் அந்த மேல்தோலில்தான் இருக்கிறது. அச்சு ஓங்கி விழும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் விட்டுச்சென்ற நுண்ணிய கோடுகள்தாம் புதுக் காசின் ஒளிக்குக் காரணம். விளக்கடியில் பிடித்து மெல்லச் சாய்த்தால் ஒளிக்கீற்று காசைச் சுற்றிவரும். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசில் அது சுற்றிவராது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மாதிரி மின்னும். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் கீறல்கள் தெரியும், எழுத்துகளின் இடுக்குகளில் மட்டும் பழைய கறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பழகிய கண்ணுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு நொடி போதும்.

பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. வெண்கலம் நூற்றைம்பது ஆண்டுகள் காற்றோடு உறவாடியதால் உண்டான மெல்லிய படலம் அது. கீழே இருக்கும் உலோகத்தை அது காக்கிறது. வெள்ளிக் காசின் கருமையும் அப்படித்தான். ஓரங்களில் நீலமும் பொன்னிறமும் கலந்து, சீராகப் படிந்த கருமைக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதைத்தான் சமையலறைத் தொட்டியில் கரைத்து ஊற்றிவிடுகிறீர்கள். ஊற்றியது ஊற்றியதுதான்; எந்த வல்லுநராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இதைவிட வருத்தம் தருவது ஒன்று உண்டு. சில காசுகளைப் பிரிட்டனின் அரசு நாணயச்சாலையான ராயல் மின்டே கறுப்பாக்கித்தான் வெளியே அனுப்பியது. ஃபார்திங் என்பது கால் பென்னி. அளவில் அரைச் சவரன் என்ற தங்கக் காசுக்கு மிக நெருக்கம். புது ஃபார்திங்கின் செம்பொன் நிறத்தைப் பார்த்து யாரும் அரைச் சவரன் என்று ஏமாந்துவிடக் கூடாது என்று 1897 முதல் சுமார் இருபது ஆண்டுகள் ஃபார்திங்குகளைக் கருமையாக்கியே வெளியிட்டார்கள். 1944 முதல் 1946 வரை வந்த பென்னிகளையும் புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் ஹைப்போ கரைசலில் நனைத்துக் கருமையாக்கினார்கள். ஆக, ஒரு 1945 பென்னி கறுத்துக் கிடக்கிறது என்றால் அது பிறந்த நிறமே அதுதான். கை படாத நிலையில் இருக்கும் அந்தக் கருமையைச் சுரண்டி எடுத்துவிட்டு, "பாருங்கள், புதுசு மாதிரி ஆக்கிவிட்டேன்" என்று பெருமையோடு நீட்டுகிறார்கள். அதேபோல 1920 முதல் 1922 வரை வந்த வெள்ளிக் காசுகள் தேயத் தேய மஞ்சளும் பழுப்புமாக மாறும். வெள்ளியைப் பாதியாகக் குறைத்துச் செய்த புதுக் கலவையின் குணம் அது. தேய்த்தால் போகாது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சரி, கழுவாமல் எப்படி அடையாளம் காண்பது? தேதி தெரியவில்லை என்பதுதான் கழுவுகிறவர்கள் சொல்லும் முதல் சாக்கு. தேதியைப் படிக்கத் தண்ணீர் வேண்டாம். பக்கவாட்டில் சாய்வாக விழும் வெளிச்சம் போதும். அறையை இருட்டாக்கி, காசின் ஓரத்திலிருந்து கைவிளக்கை அடித்துப் பாருங்கள். தேய்ந்த இலக்கங்களும் எழுந்து நிற்கும்.

தேதியே இல்லை என்று தோன்றினால் ரோமன் எண்களைத் தேடுங்கள். ஃபுளோரின் என்பது இரண்டு ஷில்லிங் வெள்ளிக் காசு. 1851 முதல் 1887 வரை வந்த கோதிக் ஃபுளோரினில் ஆண்டு ரோமன் எண்ணில், அதுவும் பழைய பாணி எழுத்தில்தான் இருக்கும். அதற்கு முன்னோடியாக 1849-இல் வந்த ஃபுளோரினில் "கடவுளின் அருளால்" என்பதற்கான இலத்தீன் எழுத்துகள் விடுபட்டுப்போய்ப் பெரிய கண்டனம் எழுந்தது. கடவுளற்ற ஃபுளோரின் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

விக்டோரியாவின் முகமே ஒரு நாட்காட்டி. வெள்ளியில் இளம் முகம் என்றால் 1887-க்கு முன். தலையில் சிறு கிரீடம் வைத்த முகம் 1887 முதல் 1893 வரை. முக்காடிட்ட முதிய முகம் அதற்குப் பின். பென்னியில் கொண்டை போட்ட இளம் முகம் 1860-இல் தொடங்கி 1894 வரை நீடித்தது. முக்காடு 1895-இல்தான் வந்தது. பென்னியின் பின்பக்கத்தில் பிரிட்டானியாவின் இருபுறமும் கலங்கரை விளக்கமும் கப்பலும் இருக்கின்றனவா? கொண்டை முகத்தோடு அவை வந்தன, முக்காடு வந்ததும் போய்விட்டன. 1937-இல் கலங்கரை விளக்கம் மட்டும் திரும்பி வந்தது.

இந்தியர்களாகிய நமக்கு இன்னொரு அடையாளம் எளிது. தலைப்பக்கத்து இலத்தீன் சுருக்கங்களில் "இண்ட் இம்ப்" என்பது இந்தியாவின் பேரரசி அல்லது பேரரசர் என்ற பட்டம். விக்டோரியா 1876-இல் அந்தப் பட்டத்தை ஏற்றாலும் பிரிட்டன் காசில் அது 1893-இல்தான் ஏறியது. இந்தியா விடுதலை பெற்றபின், 1949-ஆம் ஆண்டுக் காசுகளில் அது இல்லை.

வெள்ளியா என்று அறிய உரசிப் பார்க்கவே வேண்டாம், அமிலமும் வேண்டாம். 1919 வரை 92.5 விழுக்காடு வெள்ளி. 1920 முதல் 1946 வரை 50 விழுக்காடு. 1947 முதல் புழக்கத்துக்கு வந்தவற்றில் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும்தான். ஆண்டைப் படித்தால் முடிந்தது. நகைக்கடையில் உரசிய அடையாளத்தோடு வரும் 1890-களின் ஷில்லிங்குகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பென்னியில் தேதிக்குப் பக்கத்திலோ கீழேயோ சிறிய எழுத்து இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். "எச்" என்றால் பர்மிங்ஹாமின் ஹீட்டன் ஆலை. 1918, 1919 பென்னிகளில் "கே என்" என்றால் கிங்ஸ் நார்ட்டன். ஒரே ஆண்டுக் காசு, அந்த எழுத்து இருப்பதாலோ இல்லாததாலோ மதிப்பு பல மடங்கு மாறும். 1882-இல் எழுத்து உள்ள பென்னி எளிதாகக் கிடைக்கும். எழுத்து இல்லாததுதான் அரிது. முரட்டுத்தனமாகத் தேய்த்துச் சுரண்டியதால் எழுத்து மழுங்கிப்போன காசு எந்தக் கணக்கிலும் சேராது.

பழமை வேறு, அருமை வேறு. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1797-இல் மேத்யூ போல்டன் நீராவி இயந்திரத்தால் அடித்த கனத்த செம்புப் பென்னி இரண்டு நூற்றாண்டைக் கடந்தது. தேய்ந்த நிலையில் இன்றும் எளிதாக வாங்கலாம். 1951 பென்னி நேற்றுப் பிறந்தது; 1,20,000 மட்டுமே அடித்ததால் அதற்கு எப்போதும் ஆள் உண்டு. 1971-இன் இரண்டு பென்ஸ் காசில் "நியூ பென்ஸ்" என்றிருப்பது பிழை என்று சொல்லி ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு விற்கப் பார்க்கிறார்கள். அந்த ஆண்டில் நூறு கோடிக்கும் மேல் அடித்திருக்கிறார்கள், அத்தனையிலும் அதே சொற்கள்தாம். 1983-இல் தவறுதலாக அதே சொற்களோடு வந்த சில மட்டுமே பேசத்தக்கவை.

1933 பென்னி கிடைத்துவிட்டது என்று வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஆண்டு புழக்கத்துக்கென்று பென்னியே அடிக்கவில்லை. கட்டட அடிக்கல்லில் வைப்பதற்கும் அருங்காட்சியகத்துக்குமாக ஒரு கைப்பிடிதான் அடித்தார்கள். தெரிந்தவை பத்துக்கும் குறைவு. உங்கள் டப்பாவில் இருப்பது அநேகமாக வேறு ஆண்டுப் பென்னியின் கடைசி இலக்கத்தைச் சுரண்டி மாற்றியது. 1905-ஆம் ஆண்டின் அரைக்கிரவுன் என்ற வெள்ளிக் காசிலும் போலிகள் உண்டு. எடை பாருங்கள்: கிரவுன் 28.28 கிராம், அரைக்கிரவுன் 14.14, ஷில்லிங் 5.66, சவரன் 7.99. நல்ல தராசு ஒன்று வாங்கினால் முதல் கள்ளக் காசிலேயே அதன் விலை திரும்பிவிடும். காந்தமும் வைத்துக்கொள்ளுங்கள். 1992-க்கு முன் பிரிட்டனில் புழங்கிய எந்தக் காசும் காந்தத்தில் ஒட்டாது. 1887-இன் ஒரு ஆறு பென்ஸ் காசு அரைச் சவரனின் கேடய வடிவத்தையே சுமந்து வந்தது. அதற்குப் பொன்முலாம் பூசி அக்காலத்திலேயே ஏமாற்றினார்கள், வடிவத்தை உடனே மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பொன்முலாம் காசு இன்றும் "பாட்டி வைத்திருந்த தங்கம்" என்று வருகிறது.

சவரன் காசில் கொக்கி பற்றவைத்துப் பதக்கமாக்கியிருந்தால் அதைத் தங்கத்தின் எடைக்குத்தான் மதிப்பிடுவார்கள். 1918-இல் ஒரே ஓர் ஆண்டு மட்டும் பம்பாயில் ராயல் மின்டின் கிளை சவரன் அடித்தது; தேதிக்கு மேலே சிறிய "ஐ" எழுத்து இருக்கும். இந்தியக் குடும்பங்களில் இது இருக்க வாய்ப்புண்டு. கொக்கி வைக்கும் முன் ஒருமுறை பாருங்கள். ஊரிலிருந்து உறவினர்கள் படம் அனுப்பிக் கேட்கும் இன்னொன்று: ஒருபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும், மறுபுறம் அனுமனோ ராமர் பட்டாபிஷேகமோ இருக்கும் காசு. கம்பெனி அப்படியொரு காசை வெளியிடவே இல்லை. கோயில் வாசலில் விற்கிற வில்லை அது. அதை லட்சங்களுக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி முன்பணம் கேட்டால் தொடர்பைத் துண்டித்துவிடுங்கள்.

காசை விளிம்பில் பிடியுங்கள். முகத்தில் விரல் வைக்காதீர்கள். விரல்ரேகை சில மாதங்களில் வெண்கலத்தில் பதிந்துவிடும், பிறகு போகாது. மேசையில் துணி விரித்துப் பாருங்கள். மென்மையான பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம். பிவிசி கலந்த உறை காலப்போக்கில் பச்சைப் பிசினைக் கசியும். அமிலமற்ற காகித உறை மலிவு, போதுமானது. குளியலறைக்குப் பக்கத்து அலமாரியிலும் பரணிலும் வைக்காதீர்கள். பொடிப்பொடியாக உதிரும் வெளிர்பச்சைக் களிம்பு கண்டால் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். அதைக் கையாள்வது பயிற்சி உள்ளவர்கள் வேலை.

உலோகங்காட்டியோடு வயலுக்குப் போகும் நண்பர்கள் நில உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொன் அல்லது வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்கீழ் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கிடைத்த காசைக் கழுவாதீர்கள், ஒட்டிய மண்ணோடு இருக்கட்டும். அந்த மண்ணும் ஆய்வாளர்களுக்குச் செய்தி சொல்லும்.

ஏற்கெனவே தேய்த்துவிட்டவர்கள் கேட்கிறார்கள், என்ன செய்வது என்று. மறுபடி தேய்க்காதீர்கள், அதுதான் முதல் மருந்து. ஒட்டியிருக்கும் புளியும் எலுமிச்சையும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் காய்ச்சி வடித்த நீரில் மட்டும் அலசி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, காகித உறையில் போட்டு மறந்துவிடுங்கள். செயற்கையாகக் கருமையேற்றும் மருந்துகள் வேண்டாம். அது இரண்டாவது மோசடி ஆகிவிடும். ஆண்டுகள் போகப்போகப் பழுப்பு தானாகவே கொஞ்சம் ஏறும். விற்கும் நாள் வந்தால் கழுவிய காசு என்று உறையின்மேல் எழுதியே கொடுங்கள்.