சிவப்பு மறைந்தாலும் தெரியும் படம்

"கப்பலில் தீயணைப்புக் கருவிகளின் குறியீடுகள் சிவப்பாக இருக்கின்றனவே, மின்சாரம் போய்விட்டால் எப்படித் தெரியும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான்.

சிவப்புச் சதுரம் என்றால் தீயணைப்புக் கருவி, பச்சை என்றால் தப்பிக்கும் வழி. சிவப்புக்குள் வெள்ளை உருளையும் பக்கத்தில் தீச்சுடரும் இருந்தால் தீயணைப்பான். பொத்தானை அழுத்தும் கை இருந்தால் தீ எச்சரிக்கை பொத்தான். ஒரே கப்பலில் பல மொழிக்காரர்கள் இருப்பதால் எழுத்தைவிடப் படமே உதவும். சரி, இருட்டில்?

குறியீட்டுப் பலகையின் வெள்ளைப் பகுதியில் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் என்ற பொருள் இருக்கிறது. அதில் துளியளவு யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற இரண்டு உலோகங்களும் கலந்திருக்கும். விளக்கு எரியும்போது யூரோப்பியம் ஒளியை வாங்கிக்கொள்ள, எலக்ட்ரான்கள் மேலே எழும்பி, படிகத்தில் உள்ள சின்னச் சின்னப் பள்ளங்களில் மாட்டிக்கொள்கின்றன. அந்தப் பள்ளங்களின் ஆழம்தான் அற்புதம். அறை வெப்பத்தின் அதிர்வு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக மெதுவாக வெளியே தள்ளுகிறது. வெளியே வந்தது யூரோப்பியத்துக்குத் திரும்பும்போது பச்சை ஒளி பிறக்கிறது. பள்ளம் இன்னும் ஆழமாக இருந்தால் எலக்ட்ரான் வெளியே வராது. ஆழம் குறைந்தால் நொடியில் தீர்ந்துவிடும்.

இதை நீங்களே பார்க்கலாம். இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒன்றின் மேல் சாவியை வைத்து டார்ச் அடியுங்கள். பிறகு இருட்டில் சாவியை எடுத்தால் அதன் நிழல் மட்டும் கறுப்பாகப் பதிந்திருக்கும். அப்புறம் ஸ்டிக்கரில் விரலை அழுத்தி எடுங்கள். உடல் சூட்டில் அந்த இடம் சற்றுப் பளிச்சென்று தெரியும்.

பலகையின் சிவப்பு மை ஒளிராது, இருட்டில் கறுப்பாகிவிடும். வெள்ளைப் படம் மட்டும் பச்சையாக மிதக்கும். அதனால்தான் உருவம் நிறத்தின் துணையில்லாமலே புரிய வேண்டும். சுடரை வரைவதும் அதற்கு உதவுகிறது.

1990இல் ஸ்காண்டிநேவியன் ஸ்டார் கப்பல் தீயில் 159 பேர் இறந்தார்கள். புகை மேலே திரளும் என்பதால், பயணிகள் கப்பல்களில் தப்பிக்கும் வழியின் வழிகாட்டி ஒளி தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று பிறகு விதி வந்தது. 60 நிமிடமாவது அது ஒளிர வேண்டும்.

கடிகாரத்தில் பூசும் கதிரியக்கப் பொருளுக்கு மாற்று தேடிய ஜப்பானியர்கள் 1990களில் கண்டது இந்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட் கலவை. உடனடிப் பயன் என்ன என்று கேட்டு ஆராய்ச்சி நிதியைக் குறைப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஒளியை வாங்காத பலகை ஒளிராது. நடைபாதை விளக்கை மஞ்சள் நிற எல்இடியாக மாற்றினால் நீல ஒளி குறையும், பள்ளங்களும் அரைகுறையாகவே நிரம்பும்.